கயிறு அசையற வரைக்கும்

கொஞ்சம் காலை மடக்கிக்குங்க சார், உள்ள போயிடறேன். ஆமா, உங்களுக்கு அடுத்த சீட்தான். கடைசி வரிசை, சுவர் ஓரம். வேணும்னே கேட்டு வாங்கினது. இந்தத் தொப்பியைப் பார்த்துட்டு வழுக்கையை மறைக்கறேன்னு நினைச்சுடாதீங்க. என்னை இங்க ஒருத்தர் பார்த்துடக் கூடாது, அதுக்குத்தான்.

யாரா? என் பொண்ணு சார். சாருமதி. வெளிய போஸ்டர் பார்த்தீங்கல்ல, அந்த சினிமா நடிகர் மூஞ்சி முக்கால்வாசி இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குமே, அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'இசை'ன்னு போட்டு ஒரு பேர் இருக்கும். அவதான். பாட்டு அத்தனையும் இவ போட்டது. மேடைக்கு முன்னாடி பள்ளம் மாதிரி தெரியுது பாருங்க, அதுக்குள்ள நின்னு வாத்தியக்காரங்களைக் கையசைச்சு நடத்தறதும் இவதான். இன்னும் வரல. மணி அடிச்சதும் வருவா.

'கடைசி ஷோவுக்கு அப்பா வர வேண்டாம்'னு சொல்லிட்டா. பெத்த அப்பனை. என்கிட்ட நேரா கூடச் சொல்லல, அவ அம்மாகிட்டச் சொல்லி அனுப்பினா. முதல் ஷோ முடிஞ்சதுலேருந்தே என்கூடப் பேச்சைக் குறைச்சா, இப்பச் சுத்தமா நிறுத்திட்டா. "ஏன்டி, நான் என்ன பண்ணேன்?"னு புனிதாவைக் கேட்டா, புனிதான்னா என் வீட்டுக்காரி, "நீங்களே யோசிச்சுப் பாருங்க"ங்கறா. நானும் யோசிச்சுக்கிட்டேதான் சார் இருக்கேன். காய்கறி வாங்கப் போனா அங்கயும் இதே யோசனை. ஒண்ணும் பிடிபடல.

நீங்க டிக்கெட் வாங்கியா வந்தீங்க? ஆபீஸ்ல சும்மா குடுத்தாங்களா? நினைச்சேன். பாதிக் கூட்டம் அப்படித்தான். அதோ பாருங்க, நடுவுல ஒரு வரிசை முழுக்கக் காலி. கடைசி ஷோவுக்காவது ஒரு எட்டு வந்து பார்க்கலாம்ல? இந்த ஊர்ல எதுக்கெல்லாமோ வரிசையில நிக்கறான்.

நாடகத்துக்கு 'ஆழிமுத்து'ன்னு பேர் வச்சப்பவே எனக்குத் தெரியும், பெரிசா வரும்னு. காசு போட்டவர் ரியல் எஸ்டேட்காரர். முத்துக்குளிக்கறவங்க கதை. அதுக்காக மேடையில நிஜப் படகு, நிஜத் தண்ணி, சுத்தற மேடை, பின்னாடி சுவர் உயரத்துக்கு டி.வி. திரை. மழை கூட நிஜ மழை. முன்வரிசைக்காரங்களுக்கு நுழையறப்பவே பிளாஸ்டிக் கோட்டு குடுத்தாங்க. இவ்வளவு செலவு பண்ணி இந்த ஊர்ல யாரு மேடை நாடகம் போட்டிருக்கா, நீங்களே சொல்லுங்க.

முதல் ஷோவுக்கு எங்க ஃபிளாட் அசோசியேஷன்ல அத்தனை பேரையும் நான்தான் கூட்டிட்டு வந்தேன். நான் அங்க செயலாளர். வேன் பிடிச்சு, எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்து, என் பக்கத்துலயே உக்கார வச்சேன். மூணாவது வரிசை, ஓரம். என் சீட்ல கொஞ்சம் திரும்பி உக்கார்ந்தேன்னா மொத்த ஹாலும் தெரியும். என் பழக்கம் அது. மேடையைப் பார்க்க எல்லாருக்கும் கண்ணு இருக்கு சார், கூட்டத்தைப் பார்க்க ஒருத்தன் வேணும்ல?

சிரிக்காதீங்க. ஆபீஸ்ல நான் மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளரா இருந்தவன். ஆண்டு விழா, பிரிவுபசாரம், எல்லாம் நான்தான். கைத்தட்டல்ங்கறது தானா வராது சார். ஒருத்தன் ஆரம்பிக்கணும். அதுவும் பேசறவர் முடிச்சு, மூச்சு விட்டு, தண்ணி குடிக்கற வரைக்கும் உக்கார்ந்திருந்தா செத்துப் போச்சு. முடியறதுக்கு அரை மூச்சு முன்னாடி தட்டணும். அப்பத்தான் கூட்டம் பின்னாடியே வரும். அதிகாரிங்க எல்லாம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "தெய்வசிகாமணி, நீங்க முன்னால உக்காருங்க"ம்பாங்க. அது ஒரு திறமை.

சாரு சின்னப் பொண்ணா இருக்கறப்ப ஸ்கூல்ல பாட்டுப் போட்டி. ரெண்டு சரணம் பாடி முடிச்சா. குரல் அப்படி மேல போச்சு, நான் தட்டிட்டேன். மொத்த ஸ்கூலும் தட்டுது. அவ மூணாவது சரணம் பாடாமலே கும்பிட்டுட்டு இறங்கி வந்துட்டா. ரெண்டாவது பரிசு. நான் மட்டும் தட்டலேன்னா அதுவும் கிடைச்சிருக்காது. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் உம்முனு வந்தா. பரிசு சின்னதா இருக்குன்னு கோபம் போல.

இதோ, மணி அடிச்சாச்சு. வந்துட்டா பாருங்க. கறுப்புச் சட்டை. இளைச்சுட்டா சார். நான் கொஞ்சம் தாழ உக்கார்ந்துக்கறேன், உங்க தோள் மறைக்கும்.

மெதுவாப் பேசறேன், மெதுவாப் பேசறேன். முன்னாடி சீட்டம்மா முறைக்கறாங்க. இப்ப ஒண்ணும் இல்ல, கடற்கரையில கூட்டமா ஆடுவாங்க. ரொம்ப நேரம் ஆடுவாங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? முதல் ஷோ. பாதியிலேயே எழுந்து போக ஆரம்பிச்சுட்டாங்க சார். நான் விடல. பின்னாடியே போனேன். வெளிய கேன்டீன்ல நின்னு வாழைப்பூ வடை தின்னுக்கிட்டு இருக்கான் எங்க குமரகுரு. சி பிளாக். "என்னய்யா, உள்ள என் பொண்ணோட நாடகம் நடக்குது, நீ வடை தின்னுக்கிட்டு நிக்கறே?"ன்னு கேட்டேன். "ஏசி ரொம்ப ஜாஸ்தி சார்"ங்கறான். வடை நல்லா இருந்துச்சு, அது வேற விஷயம். நான் திரும்பி உள்ள வர்றதுக்குள்ள கல்யாண சீன் முடிஞ்சு போச்சு.

இடைவேளையில ஒவ்வொருத்தரா நிறுத்திக் கேட்டேன், எப்படி இருக்குன்னு. ஒருத்தர், "செட்டு பிரமாதம்"னார். அடுத்தவரும் செட்டு பிரமாதம்னார். ஒரு அம்மா, "படகு நிஜமா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. இன்னொருத்தர் கார் நிறுத்த இடம் தாராளமா இருக்குன்னார். ஒரு கல்லூரிப் பசங்க கூட்டம், ஹீரோ எப்ப சண்டை போடுவார்னு கேட்டுச்சு. நான் விடாம, "பாட்டு? பாட்டு எப்படி?"ங்கறேன். "பாட்டா..."ன்னு இழுக்கறாங்க. கழுத்தை நெரிக்கலாம் போல இருந்துச்சு.

மறுநாள் யூடியூப்ல ஒருத்தன், 'இந்த நாடகத்துல மழை மட்டும்தான் நல்லா நடிச்சிருக்கு'ங்கறான். லட்சம் பேர் பார்த்துச் சிரிச்சிருக்கான். லிஃப்ட்ல, மொட்டை மாடியில, பால் பூத்துல, எங்க யார் என்ன சொன்னாலும் உடனே சாருவுக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்பிடுவேன். 'சாரு, ஏ பிளாக்ல இழுவைங்கறாங்க. சாரு, நம்ம ஃபிளாட் டென்டிஸ்ட் தலைவலி வந்துருச்சுங்கறார்.' அவளுக்குத் தெரிய வேணாமா? மத்தவன் சொல்லித் தெரியறதுக்கு அப்பன் சொல்லித் தெரியட்டுமே. முதல்ல 'ம்'னு பதில் வந்துச்சு. அப்பறம் அதுவும் வரல.

ஒரு தடவை மட்டும் கூப்பிட்டா. "அப்பா, எல்லாரும் சொன்னதைச் சொல்லிட்டே. நீ பார்த்தேல்ல, உனக்கு எப்படி இருந்துச்சு?"

நான் என்ன சொல்றது? "சி பிளாக்ல எல்லாருக்கும் பரவாயில்லையாம்மா"ன்னேன். வச்சுட்டா.

ஐயையோ, சுத்தற மேடை சிக்கிக்கிச்சு பாருங்க! இன்னைக்குமா? ஹீரோ அரண்மனையில பாதியும் மீன் சந்தையில பாதியுமா நிக்கறான். சிரிக்கறாங்க, சிரிக்கறாங்க. டேய், சிரிக்காதீங்கடா. இதெல்லாம் என் பொண்ணு தப்பு இல்லைன்னு எழுந்து நின்னு சொல்லலாமான்னு தோணுது. சரி, உக்காரறேன். கையை விடுங்க, உக்கார்ந்துட்டேன்.

அங்க, மூணாவது வரிசையில ரெண்டு பேர் எழுந்து போறாங்க. பார்த்தீங்களா? ஒருத்தர் போன் பேசிக்கிட்டே போறார். வெளிய போய் நிறுத்தட்டுமா? வேணாமா? சரி.

மனசு நிலை கொள்ளல சார். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. நேத்து புனிதா சொன்னா, இந்த ஷோவோட சாரு மியூசிக்கையே விட்டுடப் போறாளாம். பெங்களூர்ல ஏதோ கம்பெனியில வேலைக்கு ஒத்துக்கிட்டாளாம். அஞ்சு வயசுல ஆரம்பிச்சது சார். விட்டுடறேங்கறா. கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. 'உனக்கு நல்லா வருதும்மா, விடாதே'ன்னு நான் சொன்னா கேட்பாளா? பேசவே மாட்டேங்கறா.

அதனாலதான் வந்தேன். இன்னைக்கு இந்த ஹால் அதிரணும். அந்தப் பள்ளத்துல நிக்கறவ காதுல கைத்தட்டல் இடி மாதிரி விழணும். ஆளைச் சேர்த்துக் கூட்டிட்டு வரலாம்னு பார்த்தேன், ஃபிளாட்ல ஒருத்தனும் ரெண்டாவது தடவை வர மாட்டேங்கறான். அதான் உங்களைக் கேட்கறேன் சார். இடைவேளைக்கு அப்பறம் ஒரு பாட்டு வரும். பொண்ணு ஒருத்தி படகுல நின்னு பாடுவா. அது முடியறப்ப நான் சைகை காட்டறேன், நீங்களும் சேர்ந்து தட்டணும். பலமாத் தட்டணும். ரெண்டு பேர் தட்டினாப் போதும், மத்தவன் தானா தட்டுவான். தட்டுவீங்கல்ல? நல்ல மனுஷன் சார் நீங்க.

இடைவேளை. நீங்க போய்ட்டு வாங்க, நான் எழுந்திருக்கல. வெளிய போனா சாரு கண்ணுல பட்டுடுவேன்.

வந்துட்டீங்களா? நான் நினைச்சேன் நீங்களும் அப்படியே கிளம்பிடுவீங்கன்னு. வடையா? எனக்கா? வேணாம் சார், இன்னைக்கு எனக்கு ஒண்ணும் இறங்காது.

அந்தப் பாட்டு பத்திச் சொல்றேன், கேளுங்க. மொத்த நாடகத்துலயும் கூட்டம் தட்டினது அந்தப் பாட்டுக்குத்தான். தட்ட வச்சது யாரு? நான்தான்! முதல் ஷோ. எல்லாரும் கொட்டாவி விட்டுக்கிட்டு இருக்கான். எங்காளுங்க எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன், 'நான் தட்டினா தட்டுங்க.' அந்தப் பொண்ணு பாடறா. கையில கயிறு. ஹீரோ கடலுக்குள்ள முங்கியிருக்கான், முத்து எடுக்க. கயித்தோட ஒரு முனை அவன் இடுப்புல, மறு முனை இவ கையில. குரல் மேல போகுது, மேல போகுது, நான் கூட்டத்தைப் பார்க்கறேன், ஒருத்தன் கூட அசையல. டக்குனு நின்னுச்சு. வாத்தியம் எல்லாம் நின்னுச்சு. பாட்டு முடிஞ்சுது. நான் எழுந்து நின்னு தட்டினேன் பாருங்க! எங்க ஃபிளாட் மொத்தமும் எழுந்து தட்டுது. பின்னாடி ஒருத்தன் விசில். பால்கனியிலேருந்து "ஒன்ஸ் மோர்!" அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பு. அப்பறமும் ஏதோ கொஞ்சம் பாடினா, அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேட்கல.

சாரு திரும்பிப் பார்த்தா சார். தூக்கின கை தூக்கினபடியே, தலையை மட்டும் திருப்பி நேரா என்னைப் பார்த்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. பெத்த பொண்ணு சந்தோஷத்துல அழறதைப் பார்க்கக் குடுத்து வச்சிருக்கணும். நான் இன்னும் பலமாத் தட்டினேன்.

ஷோ முடிஞ்சு அந்த ரியல் எஸ்டேட்காரர் வாசல்ல நின்னார். என்னைத் தெரியும் அவருக்கு. "எப்படி சார் இருந்துச்சு?"ன்னார். அனுபவஸ்தன்கிட்டக் கேட்கறார்ல, உள்ளதைச் சொன்னேன். "அந்தப் பாட்டுல ஒரு இடத்துல திடீர்னு எல்லாம் நின்னு போயிடுது, ஜனங்க குழம்பறாங்க, அங்க கொஞ்சம் மேளதாளம் போட்டு நிரப்பிட்டா எடுப்பா இருக்கும்"னேன். பிடிச்சுக்கிட்டார். மறுநாளே அங்க டிரம்ஸ், புகை, இருபது பேர் டான்ஸ். சாரு கூடாதுன்னு சண்டை போட்டாளாம். விட்டுடறேன்னு கூடச் சொன்னாளாம். முதலாளி சொன்னா சொன்னதுதானே. நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவளுக்கு அப்பன் யோசனைன்னு தெரிஞ்சா பெருமைப்படுவான்னு, நானே அவளுக்கு அதையும் பேசி அனுப்பினேன்.

அதுக்கு அப்பறம்தான் பேச்சு நின்னு போச்சு. அந்த வாரத்துலேருந்துதான். ஏன்னு தெரியல.

ஷ்... படகு வந்துருச்சு. இந்தப் பாட்டுதான்.

இங்கேருந்து கூட்டம் தெரியல சார். எல்லாரோட பின்மண்டைதான் தெரியுது. கடைசி வரிசையில இதுதான் கஷ்டம். யார் என்ன பண்றாங்கன்னே தெரியாது. மேடையைத்தான் பார்த்தாகணும்.

இதென்ன, அந்தாளு யாரு? நரைச்ச தலையா இருக்கான். அவன் எதுக்குக் கயித்தைக் கட்டிக்கறான்? ஹீரோ எங்க?

கிழவனா முங்கறான்?

அந்தப் பொண்ணோட அப்பனா? நிஜமாவா சார்? நீங்க இப்பதான் முதல் தடவை பார்க்கறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? கடற்கரை சீன்லயே சொன்னாங்களா? நான் உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தேனோ. ஹீரோதான் முங்கறான்னு இல்ல நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். முதல் ஷோல நான்... கேன்டீன் பக்கம் போயிருந்தேன்.

அப்பனா?

முங்கிட்டான்.

அவ பாடறா. கேளுங்க. 'கயித்தை விட மாட்டேன், நீ போய்ட்டு வா'ங்கறா. இந்த வரி முன்னாடியே இருந்துச்சா? இருந்திருக்கும். 'உன் மூச்சு என் கையில இருக்கு, பதறாம எடுத்துட்டு வா'ங்கறா. என்ன குரல் சார். சாரு கையைப் பாருங்க, அந்தப் பள்ளத்துக்கு மேல தலையும் கையும்தான் தெரியுது. அந்தக் கை எப்படிப் போகுதோ அப்படியே குரல் போகுது.

மேல போகுது. இப்பதான் நிக்கும். டிரம்ஸ் வரும் பாருங்க, புகை வரும், நீங்க பயந்துடாதீங்க.

நின்னுருச்சு.

டிரம்ஸ் வரல.

ஒருத்தரும் ஆட வரலயே. எடுத்துட்டா சார். முதலாளி சொன்னதை எடுத்துட்டா. கடைசி ஷோன்னு தைரியமா எடுத்துட்டா. பழைய மாதிரியே—

சார்! வேணாம்! தட்டாதீங்க! கையைக் குடுங்க. குடுங்க இப்படி. நான் சொன்னேன், தட்டச் சொன்னேன், இல்லேங்கல. ஆனா வேணாம். இன்னும் முடியல.

கயிறு இன்னும் அசையல சார். அவன் உள்ள இருக்கான்.

பாருங்க, அவ கயித்தையே பார்த்துக்கிட்டு நிக்கறா. அவளும் மூச்சு விடல. இந்த ஹாலே மூச்சு விடல. யாராவது இருமினாக் கூட... யாரும் இருமாதீங்கப்பா. ஒருத்தரும் தட்டிடாதீங்க. சாரு கை தூக்கினபடி நிக்குது. அது இறங்கற வரைக்கும் பாட்டுதான் சார். இதுவும் பாட்டுதான். சத்தம் இல்லேன்னா முடிஞ்சு போச்சுன்னு எந்த முட்டாள்...

சாரு திரும்பறா.

தலையை மட்டும் திருப்பறா. அன்னைக்கு மாதிரியே. எங்க பார்க்கறா? மூணாவது வரிசை. ஓரம். அங்கதான் பார்க்கறா சார். அங்க யாரும் இல்லம்மா. அங்க யாரும் தட்ட மாட்டாங்க. நீ திரும்பிக்கோ. நான் இங்க இருக்கேன். ரொம்பப் பின்னாடி இருக்கேன். கையைப் பிடிச்சு வச்சிருக்கேன்.

திரும்பிக்கிட்டா.

அசைஞ்சுது! பார்த்தீங்களா? கயிறு அசைஞ்சுது. இழுக்கறா பாருங்க, இழுக்கறா. குரல் வருது. எவ்வளவு மெதுவா வருது. இதை நான் கேட்டதே இல்ல சார். இதுக்கு அப்பறம் இவ்வளவு பாட்டு இருக்கா? இதை யாருமே கேட்கலயே சார்.

வந்துட்டான். தலை தெரியுது.

பேச வேணாம். கொஞ்ச நேரம் பேச வேணாம்.

...

சார். சாரு கையை இறக்கிட்டா. முடிஞ்சுது.

உங்க கையை நான் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், மன்னிச்சுக்குங்க. விட்டுட்டேன். இப்பத் தட்டலாம். எனக்குக் கை எழும்பல சார். நீங்க ஆரம்பிங்க.